திறன்பேசியில் தமிழ் எழுதுதல்: இருவகைக் கருவிகளின் ஒப்பாய்வு

1. தோற்றுவாய்

எழுதுகருவி மாறுந்தோறும் எழுத்தின் வடிவும் எழுதுவோர் பழக்கமும் உடன் மாறிவரக் காண்கிறோம். கல்லில் உளியாற் பொறித்த காலத்தும், ஓலையில் எழுத்தாணியாற் கீறிய காலத்தும், தாளில் அச்சுக் கோத்த காலத்தும் தமிழ் எழுத்து ஒரே தன்மையதாய் இருந்ததில்லை. மெய்யெழுத்திற்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியர் விதி. ஆயினும் ஓலையில் எழுதினோர் பெரும்பாலும் புள்ளியிட்டிலர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும், ரகரமும் காலும் ஏடுகளில் வேறுபாடின்றி நின்றன. அவற்றைப் பிரித்தறியும் பொறுப்புப் படிப்பவர் மேலதாயிற்று. பழைய நூல்களைப் பதிப்பித்த பெரியோர் உற்ற இடர்களுள் ஒரு பகுதி இதனால் விளைந்ததேயாம்.

இந்நாளில் எழுத்தாணியின் இடத்தையும் தூவலின் இடத்தையும் திறன்பேசி பற்றிக்கொண்டது. மாணவர் தம் குறிப்புகளை அதிலே எழுதுகின்றனர். ஆசிரியர் அதன் வழியே மின்னஞ்சல் விடுக்கின்றனர். கல்வெட்டுப் படிக்கச் செல்வோர் களத்தில் நின்றவாறே பாடத்தை அதிற் பெயர்த்தெழுதி நண்பர்க்கு அனுப்புகின்றனர். எனவே, ஐபோன் சிறந்ததா, ஆண்டிராய்டு இயங்குதளத்தில் இயங்கும் கைப்பேசி சிறந்ததா என்னும் வினா வணிகர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் ஆய்வார்க்கும் உரியதே. விலை, படக்கருவி, மின்கலம் ஆகியன பற்றி ஈண்டு யாம் பேசப் புகவில்லை. தமிழ் எழுதுதல், மின்னஞ்சல் விடுத்தல், நாட்செய்தி பரிமாறுதல் என்னும் மூன்று செயல்களுக்கு இவ்விருவகைக் கருவிகள் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதே எம் ஆய்வுப் பொருள்.

2. விசையும் கண்ணாடியும்

இப்போட்டிக்கு முன் வேறொரு போட்டி நிகழ்ந்தது. கனடா நாட்டின் ஒன்றாரியோ மாநிலத்திலுள்ள வாட்டர்லூ நகரத்து நிறுவனம் ஒன்று 1999ஆம் ஆண்டில் பிளாக்பெரி என்னும் பெயரிய கருவியை வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியில் ஆங்கில எழுத்துகள் பொறித்த சிறு விசைகள் இருந்தன. இரு கட்டைவிரல்களாலும் அவற்றை அழுத்தி மின்னஞ்சல் எழுதலாம். பின்னர் அது பேசும் கருவியாகவும் வளர்ந்து, அலுவலர் பலரின் கையில் நீங்காது இடம்பெற்றது. 2007ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது அதன் முகப்பில் விசை வரிசையே இல்லை. எழுத்துகள் கண்ணாடித் திரையிற் படமாகத் தோன்றி மறைந்தன. விரலுக்குத் தட்டுப்படாத விசையில் பிழையின்றி எழுதுதல் இயலுமோ என்று பலர் ஐயுற்றனர். 2008இல் வெளிவந்த முதல் ஆண்டிராய்டுக் கைப்பேசியும், திரையைத் தள்ளினால் வெளிப்படும் விசைப்பலகையை உடையதாகவே இருந்தது. எனினும் காலப்போக்கிற் கண்ணாடியே வென்றது. பிளாக்பெரியின் பழைய இயங்குதளத்திற்குரிய சேவைகள் 2022ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாளோடு நிறுத்தப்பெற்றன.

ஆங்கிலம் எழுதுவோர் இம்மாற்றத்தால் ஒன்றை இழந்து ஒன்றைப் பெற்றனர் எனலாம். விரலுக்கு விசை தரும் உறுதியை இழந்தனர். அகன்ற திரையைப் பெற்றனர். தமிழ் எழுதுவோர் நிலை வேறு. விசையின் மேல் எழுத்துப் பொறித்து விற்ற கருவியில், பொறிக்கப்பெறாத மொழிக்கு இடமில்லை. உலக முழுவதற்கும் ஒரே அச்சில் வார்த்த கருவியில் தமிழ் எழுத்தைப் பொறிப்பார் அரியர். கண்ணாடித் திரையிலோ விசை என்பது வெறும் படமே. ஒரு நொடியில் ஆங்கிலம் மறைந்து தமிழ் தோன்றலாம். ஆகவே விசை வீழ்ந்து கண்ணாடி எழுந்தமை தமிழுக்கு ஆக்கமாயிற்று என்பது எம் துணிபு.

கண்ணாடித் திரை பரவுவதற்கு முன்னரே கைப்பேசியில் தமிழ் புகுந்தது என்பதனையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் செயலி 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றது. எண்விசைகளே உடைய கைப்பேசியிலும் தமிழிற் குறுஞ்செய்தி எழுதி விடுக்க அது வழிவகுத்தது.

3. எழுதும் நெறி மூன்று

தமிழ் எழுத்து 247 என்பர். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என்பது அதன் பகுப்பு. 247 விசைகளை உடைய பலகை எவர்க்கும் பயன்படாது. ஆயின், மெய்யும் உயிரும் கூடியே உயிர்மெய் ஆகும் என்னும் இலக்கண விதி, 31 குறிகளால் அனைத்தையும் எழுதிவிட இடந்தருகின்றது. அவ்வாறு கூட்டும் வரிசையில் வேறுபாடுகள் உள. அவ்வேறுபாடுகளை மூன்று நெறிகளாக வகுத்துக் காணலாம்.

முதலாவது வரிவடிவ நெறி. கையால் எழுதும் வரிசையிலேயே குறிகளை இடுதல் இதன் இயல்பு. 'கொ' என்பதற்கு முதலில் ஒற்றைக் கொம்பும், பின்னர்க் ககரமும், இறுதியிற் காலும் இடவேண்டும். தட்டச்சுப்பொறி பயின்றோர்க்கு உரிய நெறி இது.

இரண்டாவது அகரமெய் நெறி. விசையைத் தொட்டவுடன் 'க' என்னும் அகரமேறிய மெய் தோன்றும். அதன்பின் ஒகரத்தைத் தொட்டால் 'கொ' ஆகும். புள்ளியைத் தொட்டால் 'க்' ஆகும். 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இந்நெறியது. அதில் உயிர் 12ம் இடப்புறமும், மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. ஒரே மெய் இரட்டித்து வருமாயின் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரினும் அவ்வாறே. 'மமதை' போன்று இரட்டியாத இடங்களில் இடையே அகரத்தைத் தொட்டுப் புள்ளியைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது ஒலிபெயர்ப்பு நெறி. ஆங்கில எழுத்துகளால் தமிழ் ஒலியைக் குறித்துத் தமிழ் வடிவம் பெறுதல் இது. இதனுள்ளும் இரு பிரிவு உண்டு. இன்ன ஆங்கில எழுத்திற்கு இன்ன தமிழ் எழுத்து என்று வரையறுத்து நிற்பது ஒன்று. அஞ்சல் விசைப்பலகை இவ்வகையது. எழுதுவோர் தோன்றியவாறு எழுத, அவர் கருதிய சொல் இதுவாகலாம் என்று கருவியே ஊகித்துத் தருவது மற்றொன்று. முன்னதனை விதிமுறை என்றும் பின்னதனை ஊகமுறை என்றும் யாம் பெயரிட்டு வழங்குவோம்.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. க் என்னும் மெய்யோடு ஒகரம் கூடிக் கொ ஆயிற்று என்பதன்றோ இலக்கண முடிபு? அம்முடிபிற்கு முற்றும் இயைந்து செல்வது அயல்மொழி எழுத்தைக் கைக்கொண்ட அஞ்சல் முறையே. அதில் மெய் முதலில் புள்ளியோடு தோன்றி, உயிர் வந்தவுடன் புள்ளி நீங்கும். தமிழ் எழுத்தையே காட்டும் தமிழ்99 பலகையோ அகரமெய்யை முதலாகக் கொள்கின்றது. கணினி உலகின் பொதுக் குறியேற்றமாகிய ஒருங்குறியும் அகரமெய்யையே அடியாகக் கொண்டுள்ளது. ஒலியைப் பற்றிச் செல்வதா, வடிவைப் பற்றிச் செல்வதா என்னும் பழைய வினா கைப்பேசித் திரையிலும் நின்று நிலவுதல் காண்க.

நெறிகளின் எளிமையை எண்ணிக் காண்பதும் பயனுடைத்து. 'அம்மா', 'வந்தான்', 'தமிழ்' என்னும் மூன்று சொற்களைக் கொள்வோம். தமிழ்99 முறையில் இவை முறையே 4, 6, 5 தொடுகைகளால் முடியும். புள்ளியைத் தானே இடாத நேர்முறைப் பலகையில் 5, 7, 5 வேண்டும். அஞ்சல் முறையில் 5, 8, 6 வேண்டும். கூட்டுத்தொகை முறையே 15, 17, 19 ஆகும். தமிழ்99 முறையின் சுருக்கம் இதனால் விளங்கும்.

ஆயின் அம்முறைக்குக் கைப்பேசியில் ஓர் இடர் உண்டு. ஆங்கிலப் பலகையின் மேல்வரிசையில் 10 எழுத்துகளே உள. தமிழ்99 பலகையைக் கணினியில் உள்ளவாறே வைப்பின் மேல்வரிசையில் 12 எழுத்துகள் நிற்கும். 65 மில்லிமீட்டர் அகலமுள்ள திரையில் முன்னதன் ஒவ்வொரு விசைக்கும் 6.5 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும், பின்னதற்கு 5.4 மில்லிமீட்டரே கிடைக்கும். பெருவிரல் உடையார் ளகரத்தைத் தொட முயன்று றகரத்தைத் தொட நேர்வது இதனாலேயே. கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பிடித்தால் இவ்விடர் பெரிதும் நீங்கும்.

4. இருவகைக் கருவிகளும் எழுதும் வசதியும்

ஐபோனின் இயங்குதளமாகிய ஐ.ஓ.எஸ் 2013ஆம் ஆண்டில் தன் ஏழாம் பதிப்பில் அஞ்சல், தமிழ்99 என்னும் இரு விசைப்பலகைகளையும் தன்னகத்தே கொண்டு வெளிவந்தது. வேறொன்றை நாடி நிறுவாமலே தமிழ் எழுத அவை இடந்தந்தன. பிற நிறுவனத்தார் ஆக்கிய விசைப்பலகைகளை அதில் நிறுவுதற்கு 2014ஆம் ஆண்டில் வந்த எட்டாம் பதிப்பிலேதான் இசைவு பிறந்தது.

ஆண்டிராய்டு இதற்கு மறுதலையான வழியில் வளர்ந்தது. பிறர் விசைப்பலகைகளை ஏற்கும் வாயிலை அது 2009ஆம் ஆண்டிலேயே திறந்துவிட்டது. ஆயின் தொடக்ககாலக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இன்மையால், தமிழ்ச் செய்தி வந்தால் வெறுங் கட்டங்களே தோன்றின. எழுத வழியிருந்தும் படிக்க வழியில்லாத நிலை அது. அக்குறை பின்னர்த் தீர்ந்தது. இன்று கூகிள் நிறுவனத்தின் ஜீபோர்டு, செல்லினம் முதலிய பல பலகைகள் அங்குக் கிடைக்கின்றன. 2017ஆம் ஆண்டில் கூகிள், தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளுக்குக் குரல்வழி எழுதும் வசதியை நல்கியது. திரையில் விரலால் எழுதிக் காட்டினால் அதனை அச்செழுத்தாக்கித் தரும் வசதியும் உண்டு. விசைப்பலகை பயிலாத முதியோர்க்கு இவ்விரண்டும் பெருந்துணை.

சுருங்கக் கூறின், ஐபோன் சிலவற்றைத் தேர்ந்து திருத்தமாக உடன் தந்தது. ஆண்டிராய்டு பலவற்றை வழங்கித் தேர்வைப் பயன்கொள்வாரிடமே விட்டது. 2014க்குப் பின் இவ்வேறுபாடு சுருங்கிவிட்டது. ஒரே செயலி இருபுறமும் இயங்குதலின், கருவியின் பெயரைக் கொண்டு மட்டும் எழுத்து வசதியை அளத்தல் இனிப் பொருந்தாது.

பிறர் ஆக்கிய பலகையை நிறுவுங்கால் ஒன்றைக் கருத்தில் இருத்தல் வேண்டும். நாம் தொடும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகவே செல்லும். ஐபோன் இதுபற்றி முழு அனுமதி வேண்டும் என வெளிப்படக் கேட்கும். மறைச்சொல் எழுதும் இடத்தில் அப்பலகையை விலக்கித் தன் பலகையையே காட்டும். வெளியிடப்பெறாத ஆய்வுரையைக் கைப்பேசியில் எழுதுவோர் நம்பத்தக்க பலகையையே கொள்ளுதல் நன்று.

5. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும்

குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 எண்மி. ஆங்கில எழுத்து ஒன்றிற்கு 7 நுண்மி போதுமாதலின் 160 எழுத்துகள் அதில் அடங்கும். தமிழ்க் குறி ஒன்றிற்கு 16 நுண்மி வேண்டுமாதலின் 70 குறிகளே அடங்கும். குறி என்பது எழுத்து அன்று என்பதும் நினைக்கத்தக்கது. 'கற்றுக்கொள்வோம்' என்னும் சொல்லில் நம் எண்ணப்படி எழுத்துகள் 8. ஒருங்குறியிலோ அது 15 குறிகளாகும். எனவே அத்தகைய சொற்கள் நான்கே ஒரு குறுஞ்செய்தியில் அடங்கும். எழுத்து ஒன்றிற்குக் குறி ஒன்றே என அமைந்த தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் 8 குறிகளே போதும். தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. ஆயினும் கைப்பேசி உலகில் வழங்குவது ஒருங்குறியேயாம்.

இணையவழிச் செய்திச் செயலிகள் பரவிய பின்னர் இக்கட்டுப்பாடு பெரிதும் மறைந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐமெசேஜ் அந்நிறுவனத்துக் கருவிகளுக்கிடையே மட்டும் செல்லும். வாட்சப் இருவகைக் கருவிகளிலும் ஒரே தன்மையதாய் இயங்கும். ஆதலின் நாட்செய்திப் பரிமாற்றத்தில் இருவகைக் கருவிகளுக்கும் ஏற்றத்தாழ்வு கூறுதற்கில்லை.

மின்னஞ்சல் வரலாறு இதனினும் அறிவுறுத்தும் தன்மையது. 1990ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழ் மின்னஞ்சல் விடுத்தோர், தம்மிடமுள்ள எழுத்துருவே பெறுவாரிடமும் இருந்தாலன்றித் தம் கடிதம் படிக்கப்பெறாது என்பதை அறிவர். நிறுவனந்தோறும் ஒரு குறியேற்றம் வழங்கிற்று. இன்று இருவகைக் கைப்பேசிகளும் ஒருங்குறியையும் தமிழ் எழுத்துருவையும் உடையன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பிழையின்றித் தோன்றும். எனவே மின்னஞ்சலிலும் இவை ஒத்தனவே.

6. புதிய பாட வேறுபாடு

இதுகாறும் கூறியவற்றால் எக்கருவி கொள்ளினும் ஒக்கும் என்பது போதரும். ஆயின் ஆய்வார்க்கு இன்றியமையாத செய்தி இனித்தான் உள்ளது.

எம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் ஒருவர் சங்கப் பாடல்களில் வரும் மரப்பெயர்களைத் தொகுத்துக் கைப்பேசிவழி அனுப்பினார். அத்தொகுப்பில் 'வழை' என்னும் பெயரைக் காணேம். 'வாழை' என்பது மட்டும் மிகுதியாக இருந்தது. வழை என்பது சுரபுன்னை, வாழை வேறு. வினவியபோது, தாம் வழை என்றே எழுதியதாகவும், ஊகமுறைப் பலகை காட்டிய முதற் சொல்லைத் தொட்டுவிட்டதாகவும் அவர் கூறினார். நூலை உடன்வைத்து ஒப்பிட்டிராவிடின் அத்தொகுப்பு அவ்வாறே ஆய்வேட்டில் ஏறியிருக்கும்.

அரிய சொல்லை நீக்கி எளிய சொல்லை இட்டெழுதுதல் ஏடெழுதினாரிடத்தும் காணப்பட்ட பிழையே. ஆயின் இருவகைப் பிழைக்கும் பெரியதோர் வேறுபாடு உண்டு. ஏடெழுதுவோன் பிழை அவனோடு நின்றது. வேறோர் ஊரில் வேறொருவன் எழுதிய ஏட்டில் அப்பிழை இராது. அதனாலன்றோ பல ஏடுகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடம் காணுதல் இயன்றது? 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் முதலியோர் கைக்கொண்ட நெறியும் அதுவே. ஊகமுறைப் பலகையோ, தன்னைக் கையாளுவோர் பலரையும் வழக்கில் மிக்க சொல்லை நோக்கியே இழுக்கின்றது. பதின்மர் பத்துக் கைப்பேசிகளில் எழுதிய படிகளை ஒப்பிட்டாலும் பத்திலும் ஒரே பிழை நிற்றல் கூடும். பிழை ஒருமைப்பட்டபின் ஒப்புநோக்கால் அதனைக் காண இயலாது. அளபெடை வடிவங்களாகிய 'தழீஇ' போல்வன இம்முறையில் இன்னும் இடர்ப்படும். தமிழ்99 முறையில் அதனை ஈகாரத்தின்பின் இகரம் தொட்டு எளிதில் எழுதலாம்.

கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடும் ஒன்று உண்டு. 'ஔவை' என்பதன் முதலெழுத்தை ஔகாரம் என்னும் ஒரு குறியாலும் எழுதலாம். ஒகரமும் ளகரமும் அடுத்தும் எழுதிவிடலாம். தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. காலும் ரகரமும், ககரமும் ஒன்றைக் குறிக்கும் தமிழ் எண்ணும், எகரமும் ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணும் இவ்வாறே மயங்குவன. ஏட்டில் கண்ணை மயக்கிய காலும் ரகரமும் இன்று தேடுபொறியை மயக்குகின்றன. சொல்லடைவும் தொடரடைவும் கைப்பேசிக் குறிப்புகளிலிருந்து ஆக்கப்பெறும் இக்காலத்தில் இது சிறு குறை என்று ஒதுக்கற்பாலதன்று.

7. முடிபு

மேற்கூறிய ஆய்வால் பெறப்படுவன வருமாறு. மின்னஞ்சலுக்கும் நாட்செய்திக்கும் ஐபோனும் ஆண்டிராய்டும் ஒத்த தகுதியன. பொருள் நிலைக்கு ஏற்ப எதனையும் கொள்ளலாம். குரலாலும் விரலெழுத்தாலும் எழுத விரும்புவார்க்கு ஆண்டிராய்டில் தேர்வு மிகுதி. எழுத்தின் திருத்தம், கருவியின் பெயரைப் பொறுத்ததன்று. கைக்கொள்ளும் நெறியைப் பொறுத்தது. உறவினர்க்கும் நண்பர்க்கும் செய்தி விடுக்க ஊகமுறை தீங்கு செய்யாது, விரைவும் தரும். பாடம் பெயர்த்தெழுதுவோரும், மேற்கோள் தொகுப்போரும், சொல்லடைவு ஆக்குவோரும் அதனை அறவே விலக்கித் தமிழ்99 முறையையோ, விதிமுறையான அஞ்சல் முறையையோ கொள்ளல் வேண்டும். தானே திருத்தும் வசதியை அந்நேரத்தில் நிறுத்திவைத்தலும், எழுதியதை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுதலும் இன்றியமையாதன.

தமிழ்த் துறைகளில் சுவடி படிக்கும் பயிற்சி உண்டு. பதிப்பு நெறிகள் கற்பிக்கப்படுகின்றன. அவற்றோடு விசைப்பலகைப் பயிற்சியும் ஒரு பாடமாக அமைதல் நலம். ஒரு திங்கள் பயின்றால் கைவரும் திறன் இது. ஓலையிற் புள்ளியிடாமை எழுதினோர்க்கு எளிதாயிற்று; பின்வந்தோர்க்குப் பலதலைமுறை உழைப்பாயிற்று. இன்று ஊகத்திற்கு விட்டுவிடும் எளிமையும் நமக்குப் பின் வருவோர்க்கு அத்தகைய சுமையாகாமற் காத்தல் நம் கடன்.